சட்டைப் பையில் இருபத்தாறு அறைகள்

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். என் வாப்பா அபுல் ஹஸன் பாலமுனையிலிருந்து மருதமுனைக்கு அப்படி வந்தபோது அவரிடம் ஒரு சூட்கேஸும் ஒரு டோர்ச் லைட்டும் இருந்தன. சட்டைப் பையில் ஒரு கம்பியூட்டரும் இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பியூட்டர் என்றால் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உம்மாவுக்கு மூத்த சகோதரர், அவருடைய காக்கா அப்துல் கபூர், என் கபூர் மாமா, மாப்பிள்ளையின் பையில் துருத்திக்கொண்டிருந்த சாமானைப் பார்த்துவிட்டுப் பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாராம்:

"என்ன மச்சான், சாப்பாட்டுச் சகன் தட்ட எண்ணிப் பாக்கவா கல்குலேட்டர் கொண்டு வந்தீங்க?"

"இது கல்குலேட்டர் இல்ல மச்சான். கம்பியூட்டர்."

"அப்ப நான் கலெக்டர்."

அவர்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அது. அடுத்த நாற்பது வருடமும் ஏறக்குறைய அதையேதான் பேசினார்கள்.

வாப்பா குவைத்தில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அங்கே நில அளவை செய்த ஒருவர் புதியது ஒன்று வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்று அகலமான மெசின். வெள்ளி நிறம், பொடிப் பொடிப் பொத்தான்கள், மேலே ஒரே ஒரு வரிக்கு ஒரு சிறிய திரை. அந்த வரியில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம். வாப்பா அதை முதன்முதலில் பேசவைத்தது 'அல்ஹம்துலில்லாஹ்' என்று. ஆங்கில எழுத்தில் அது பதின்மூன்று. கடைசி எழுத்து வாசலுக்கு வெளியே நின்றுவிட, பிறகு எல்லா எழுத்தும் இடப்பக்கம் ஓரடி நகர்ந்து அதற்கு இடம் கொடுக்கும். "பாத்தயா, பள்ளியில தொழுற ஸப்பு வரிசையில ஆள் வந்தா நகந்து இடம் குடுக்கிற மாதிரி" என்று வாப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

கல்குலேட்டர் அல்ல என்று அவர் அடித்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல்குலேட்டருக்கு ஒவ்வொரு முறையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு வேலையை ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். இதைக் கேள், அதால் பெருக்கு, இன்னதைவிடக் கூடினால் அந்த வரிக்குப் போ என்று பொத்தான்களில் அடித்து வைத்துவிடலாம். அணைத்துவிட்டு மறுநாள் திறந்தாலும் எல்லாம் அப்படியே இருக்கும். மொத்தம் ஐந்நூற்று நாற்பத்து நான்கு படிகளுக்குத்தான் அதில் இடம். இன்றைக்கு போனில் வருகிற ஒரு 'ஜும்ஆ முபாரக்' படத்துக்குப் பிடிக்கும் இடத்தில் அந்த மெசினைப் போல நூறைக் குடியிருத்தலாம். ஆனால் வாப்பா அந்த ஐந்நூற்றுச் சொச்சம் படிக்குள் தறியில் ஏற்றும் ஒரு பாவுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்ற கணக்கையும், என் பரீட்சைப் புள்ளிகளின் சராசரியையும், பாலமுனையில் சின்னாப்பாவின் தோணிக்கு டீசல் எவ்வளவு போகும் என்பதையும் அடுக்கியிருந்தார். மிச்சம் கிடந்த இடத்தில் ஒரு விளையாட்டும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு உம்மாவுடையது. நெசவு ஷெட் கபூர் மாமாவுடையது. வாப்பா அங்கே பத்துத் தறிகளுக்கும் நூல், சாயம், டிசைன் பார்த்துக்கொண்டார். எல்லோரும் அவரை மதித்தார்கள். ஆனாலும் கிணற்றடியிலிருந்து வாசல்கதவு வரைக்கும் எதைத் தொட்டாலும் அது உம்மாவின் குடும்பத்துச் சொத்து. வாப்பா கொண்டுவந்ததென்று ஊர் அறிய இருந்தது அந்த மெசின் ஒன்றுதான்.

ஷெட்டில் அதற்கு ஓர் உத்தியோகமும் இருந்தது. சாரிக் கரைக்குக் கோடு போடுவது.

கரையில் நீலமும் கிளிப்பச்சையும் மாறி மாறி வரும் கோடுகள். எந்தக் கோடு எத்தனை இழை அகலம் என்பதில் முன்பெல்லாம் வாப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை. ஒருநாள் வாப்பா மெசினையே முடிவு செய்ய விட்டார். அதற்குள் குலுக்கல் போல ஏதாவதொரு எண்ணை எடுத்துத் தரும் வித்தை உண்டு. நாலுக்கும் இருபத்தாறுக்கும் இடையில் ஓர் இரட்டை எண்ணைக் கொடு என்று சொல்லிவைத்தார். தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பான அச்சின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இரண்டு இழை சேர்ந்து போவதால் கோடுகள் எப்போதும் இரட்டை எண்ணில்தான் இருக்க முடியும். இருபத்தாறு கோடுகள். கரையின் மொத்தம் நானூறு இழை. கடைசிக் கோடு மட்டும் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு.

"மனிசன் கோடு போட்டா ஒழுங்கா வரும் மச்சான். ஒழுங்கா வந்தா கண்ணுக்குச் சலிச்சுப் போகும்" என்றார் வாப்பா.

"அப்ப நம்மட கரையெல்லாம் இனிக் குலுக்குச் சீட்டா?" என்றார் மாமா.

ஆனால் சாரி விற்றது. கரையில் எங்கோ ஓரிடத்தில் கோடுகள் நெருங்கி, எங்கோ விரிந்து, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் வந்தன. கல்முனைக் கடைக்காரர் இரண்டாவது முறை தானாகவே வந்து கேட்டார். மாமா அதற்குப் பிறகு குலுக்குச் சீட்டு என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார். நிறுத்தவில்லை.

பாவு ஓட்டுகிறவர் பாண்டிருப்பு கேதீஸ்வரன். வாப்பா பொத்தானை அழுத்தி வாசிப்பார், அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே இழைகளை ஓட்டுவார்.

"பன்னிரண்டு, நீலம்."

"பன்னிரண்டு நீலம்."

"ஆறு, பச்சை."

"ஆறுதானா? பச்சைக்கு இண்டைக்கு யோகம் சரியில்ல ஐயா."

எழுதிவைக்கிற வழக்கம் கிடையாது. ஏ முதல் இஸட் வரை மெசினுக்குள் இருபத்தாறு அறைகள். ஓர் அறையில் ஓர் எண் இருக்கும். முதல் கோடு ஏ, இரண்டாவது பி, இப்படியே கடைசிக் கோடு இஸட். எப்போது கேட்டாலும் மெசின் சொல்லும். "நாம எழுதி வெச்சா பிறகு இவன் என்னத்துக்கு?" என்பார் வாப்பா. அறைகளில் உள்ளதைக் கசெட்டில் பதிந்துவைக்க ஓர் இணைப்புப் பெட்டி முன்பு இருந்தது. கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம் அது வீட்டுச் சாமான்களோடு போய்விட்டது. மெசின் அன்றும் வாப்பாவின் பையில் இருந்ததால் தப்பியது.

இரண்டு வருடத்துக்கு முன்பு சாய்ந்தமருதில் ஸுஹைறா மாமியின் மூத்த மகளுக்குக் கலியாணம். ஸுஹைறா மாமி உம்மாவோடு ஒன்றாகப் படித்தவர். வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுக்க ஆறு சாரி சொல்லியிருந்தார். நெய்து முடிந்து, அவருடைய கணவர் ஹாஜியார் எடுத்துப் போக வந்தார். சாரி பிடித்துவிட்டது. இந்தக் கரையை யார் போட்டது என்று கேட்டார். வாப்பா பையிலிருந்து மெசினை எடுத்தார். எடுத்தால் உடனே உள்ளே வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"இது விளையாட்டும் விளையாடும் ஹாஜியார். ஒண்டுக்கும் நூறுக்கும் இடையில ஒரு நம்பர மனசுல நினைச்சிருக்கி. கண்டுபிடிங்க பாப்பம்."

ஹாஜியார் ஐம்பது என்றார். குறைவு என்றது மெசின். எழுபது என்றார். கூட என்றது. அரிசி ஆலை நடத்துகிற பெரிய மனிதர், தறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கைகொட்டிச் சிரித்தார். ஆறாவது தடவையில் ஐம்பத்தேழு என்று பிடித்துவிட்டார். போகும்போது வாப்பாவைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஸுஹைறா மாமி உம்மாவுக்கு போன் எடுத்தார். பொத்துவிலிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மாக்களும் வருகிறார்களாம். அதே சாரி இன்னும் ஆறு வேண்டும், அச்சாக அதே கரை. கலியாணத்துக்கு முன்பு நெய்து முடிக்க வேண்டுமானால் மறுநாளே பாவு ஓட்டியாக வேண்டும்.

"அதுக்கென்ன, மெசினுக்குள்ள இரிக்கே" என்று வாப்பா ஷெட்டுக்குப் போனார். ஏ அறையைத் திறந்தார். ஐம்பத்தேழு என்றது. இருபத்தாறு இழைக்கு மேல் கோடே கிடையாது. பி அறையைத் திறந்தார். அதிலும் ஐம்பத்தேழு. சி அறையில் ஆறு.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மெசினுக்குள் எத்தனை வேலை இருந்தாலும் எல்லா வேலைக்கும் அறைகள் அதே இருபத்தாறுதான். விளையாட்டு தான் நினைத்த எண்ணை ஏ அறையில் ஒளித்துவைக்கும். விளையாடுகிறவர் கடைசியாகச் சொன்னது பி அறைக்குப் போகும். எத்தனையாவது தடவை என்பது சி அறையில் ஏறும். இதெல்லாம் வாப்பாவே அடித்துவைத்ததுதான். ஹாஜியார் சிரித்துச் சிரித்து விளையாடிய நேரம் கரையின் முதல் மூன்று கோடுகளும் வீட்டைவிட்டுப் போயிருந்தன.

தறியில் மிஞ்சும் துண்டுத் துணியாவது இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தறிக்கு அன்று காலையே சாரன் பாவு ஏற்றிவிட்டார்கள். துண்டு குப்பையோடு போய்விட்டது. கேதீஸ்வரனிடம் கேட்டார்.

"ஐயா, நீங்க சொன்னாக் கேட்டு ஓட்டுவன். ஓட்டி முடிஞ்சா மறப்பன். ரெண்டையும் நல்லாச் செய்வன்."

கபூர் மாமா வந்து பார்த்தபோது வாப்பா மெசினைக் கையில் வைத்தபடி நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், இன்னும் பாவு தொடங்கல்லையா? என்ன சொல்லுது உங்கட ஆள்?"

"முதல் மூண்டு கோடும் போயிட்டு."

"எங்க போயிட்டு? பாலமுனைக்கா?"

வாப்பா நடந்ததைச் சொன்னார். மாமா முதலில் சிரித்தார். பிறகு கலியாண நாளை நினைத்ததும் சிரிப்பு நின்றது.

"இஞ்ச பாருங்க மச்சான். நாளைக்குப் பகல் லுஹர் பாங்கு சொல்லக்கிடையில அந்த மூண்டு கோடும் சரியா வரணும். வரல்லெண்டா இது அலுமாரிக்குள்ள போகும். பிறகு இந்த ஷெட்டுக்குள்ள கொண்டு வரப்படாது. சாயத்தப் பாருங்க, நூலப் பாருங்க, கோட்ட நான் பாத்துக்கொள்றன்."

"சரியா வந்தா?"

"வந்தா அதுக்கொரு ஸலாம் சொல்றன்."

"ஸலாம் வேணாம். அது, இது எண்டு கதைக்கிறத விட்டுட்டு 'நீங்க' எண்டு மரியாதையாக் கூப்பிடணும்."

"மெசினையா?"

"மெசினத்தான்."

"நான் சாட்சி" என்றார் கேதீஸ்வரன், யாரும் கேட்காமலே.

"பந்தயம் ஹராம்" என்றார் மாமா.

"இது பந்தயமில்ல மச்சான், ஒப்பந்தம்."

பகல் சாப்பாட்டுக்கு வந்த வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாற்பது வருடம் பையில் இருந்த மெசின் பையிலேயே இருக்கலாம், அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் ஷெட்டுக்குள் அது இல்லையென்றால் வாப்பா அங்கே கபூர் மாமாவின் தங்கச்சி மாப்பிள்ளை, அவ்வளவுதான். அதை அவர் சொல்லவில்லை. மீனில் முள் எடுக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து உம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"ஸுஹைறாட்ட ஒரு சாரிய வாங்கி வந்து எண்ணினா என்ன?" என்றார் உம்மா.

"கேட்டா ஏனெண்டு கேப்பாங்க. ஹாஜியார் விளையாடினதாலதான் போச்செண்டு தெரிஞ்சா அந்த மனிசனுக்கு மனம் வருந்தும். கலியாண வீடு நபீஸா. அவர் எவ்வளவு சந்தோசமா விளையாடினார்."

"நீங்க போய்ப் பாத்திட்டு வாறது?"

"நல்லாரிக்கும். நான் போய் அந்த வீட்டுப் பொம்புளயள்ற சாரிக் கரையக் குனிஞ்சி பாக்கவா?"

"இண்டைக்குப் பின்னேரம் பலகாரம் சுட வரச் சொல்லியிரிக்காள் ஸுஹைறா" என்று உம்மா எழுந்தார். "மகள், நீயும் வெளிக்கிடு."

ஸுஹைறா மாமியின் முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொக்கிஸ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உம்மா கொஞ்ச நேரம் மா குழைத்துவிட்டு மெதுவாகத் தொடங்கினார்.

"இஞ்ச கா ஸுஹைறா, அந்த சாரிய ஒருக்காக் காட்டு. நெய்ததோட சரி, நான் வடிவாப் பாக்கவுமில்ல."

மாமி ஆசையோடு எடுத்து வந்தார். உம்மா முன்பே என்னிடம் சொல்லிவைத்திருந்தபடி நான் போனை எடுத்தேன். கரையைக் கிட்டப் பிடித்தால் வீட்டுக்குப் போய்ப் பெருப்பித்து எண்ணலாம் என்பது திட்டம். போனைக் கண்டதும் மாமி, "பொறு பொறு மகள்" என்று கையைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்து, சாரியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாலைந்து படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் மாமியின் சிரிப்பும் ஒரு தட்டுக் கொக்கிஸும் தெளிவாக விழுந்திருந்தன. கரை மடிப்புக்குள் போய்விட்டது.

"எனக்கும் அனுப்பு மகள், மாப்பிள வீட்டுக்குப் போடணும்."

அதன்பிறகு உம்மா சாரியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். விரலில் எப்போதும் போட்டிருக்கும் சிறிய தஸ்பீஹ் மெசின் இருந்தது. மோதிரம் போல மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அழுத்தினால் ஒவ்வோர் எண்ணாகக் கூடும் அது. ஓதுகிற கணக்கு மறக்காதிருக்க ஊரில் பாதிப் பெண்கள் போட்டிருப்பார்கள். அதுவும் ஒரு பொக்கட் கம்பியூட்டர்தான், ஓர் அறை மட்டும் உள்ளது. உம்மா இடது கை நகத்தால் கரையின் இழைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். வலது பெருவிரலால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்து. வாய் தானாக அசைந்தது.

முதல் கோடு முடிந்தது. பதினாலு. சுழியத்துக்குத் திருப்பினார். இரண்டாவது, எட்டு. மூன்றாவது அகலமான கோடு. பாதி போயிருக்கும், ஸுஹைறா மாமியின் குரல் உயர்ந்தது.

"நபீஸாவப் பாருங்க கா! பலகாரம் சுட வந்த இடத்துலயும் ஸலவாத்து விடல்ல. நாம என்னடாண்டா ஊர்க்கத கதைக்கிறம்." சொல்லிக்கொண்டே உம்மாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "மாஷா அல்லாஹ்! எல்லாரும் சேந்து ஓதுவம், கலியாணம் பரக்கத்தா நடக்கும்."

முற்றம் முழுக்க நபியவர்கள் மீது ஸலவாத்து எழுந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்தவரும் அகப்பையைப் பிடித்தபடி ஓதினார். நடுவில் உம்மா, நகத்தை இழையிலிருந்து எடுக்காமல், கண்ணை மூட முடியாமல், அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எத்தின வந்திட்டு கா?" என்று ஸுஹைறா மாமி கேட்டார்.

"இருவத்திமூண்டு" என்றார் உம்மா. வேறு என்ன சொல்வது?

திரும்பும்போது த்ரீவீலில் உம்மா ஒரு கொக்கிஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பதினாலு, எட்டு, இருவத்திமூண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் போனில் அடித்துவிட்டேன் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. "உண்ட போன்லயும் ஆராவது விளையாடிட்டா?"

மறுநாள் லுஹருக்குக் கொஞ்சம் முன்பு ஷெட்டில் எல்லோரும் மெசினைச் சுற்றி நின்றார்கள். நானும் போயிருந்தேன். வாப்பா மூன்று எண்களையும் அந்தந்த அறையில் போட்டார். பிறகு இருபத்தாறையும் கூட்டச் சொன்னார். கரையின் மொத்தம் நானூறு என்பது மாமாவுக்கும் தெரியும், கேதீஸ்வரனுக்கும் தெரியும். அது வந்தால் கோடுகள் சரி.

திரையில் நானூற்றொன்று என்று வந்தது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானூத்தியொண்டு! மச்சான், அந்தத் தனி இழைய எங்க கட்டப் போறீங்க, உங்கட தாடியிலயா?"

கேதீஸ்வரனும் சிரித்துவிட்டு, வாப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். வாப்பா ஏ அறையைத் திறந்து பார்த்தார். பி அறையைத் திறந்தார். சி அறையைத் திறந்ததும் அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்து உம்மாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நபீஸா, மூண்டாவது கோட்ட எண்ணக்க என்ன நடந்த?"

"என்ன நடந்தயா? ஸுஹைறா வந்து தோள்ல அடிச்சாள். எண்ட உசிரே போயிட்டு."

"அடிச்ச நேரம் விரல் அமத்துப்பட்டிருக்குமா?"

"பட்டிருக்கும்" என்றார் உம்மா.

வாப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். "நம்மட அச்சுல பல்லுக்கு ரெண்டு இழை மச்சான். பதினாலு போகும், எட்டுப் போகும். இருவத்திமூண்டு எப்பிடிப் போகும்?"

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அச்சு அவருடையது. வாப்பா சி அறையில் இருபத்திரண்டு என்று போட்டார். கூட்டச் சொன்னார். மெசின் எப்போதும் போலக் கொஞ்சம் யோசித்தது. அதற்கு அவ்வளவுதான் வேகம். நானூறு.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்க மாமா தப்ப வழி தேடினார்.

"சாட்சி இஞ்சதான் நிக்கிறன்" என்றார் கேதீஸ்வரன்.

மாமா கடைசியில் மெசினை இரண்டு கையாலும் வாங்கினார். தொண்டையைச் செருமினார். "நீங்க... கொஞ்சம் கெட்டிக்காரர்தான்" என்று அதனிடம் சொன்னார். வாப்பாவைப் பார்த்து, "உங்கள இல்ல, இவங்களச் சொன்னன்" என்றார்.

பாவு அன்றே ஓடியது. "பதினாலு, நீலம்." "பதினாலு நீலம்."

கலியாணத்தில் பெண்கள் பக்கம் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றபோது எது முதல் ஆறு, எது பிந்திய ஆறு என்று உம்மாவுக்கே தெரியவில்லை. பொத்துவிலிலிருந்து ஒரு பெரியம்மா வராமல் போனதால் மிஞ்சிய சாரியை ஸுஹைறா மாமி உம்மாவுக்கே உடுத்தக் கொடுத்துவிட்டார்; பன்னிரண்டாவது ஆள் உம்மாதான்.

மாமா வாக்கை மீறவில்லை. "அவங்க எழும்பிட்டாங்களா?" என்றுதான் அதன்பிறகு மெசினைப் பற்றிக் கேட்பார். வாப்பா தேநீர் குடிக்க வெளியே போனால், "இவங்களத் தனிய விட்டுட்டுப் போகாதீங்க மச்சான்" என்பார். புதுக் கரைகளின் கோடுகளை மெசின் அறையில் வைக்காமல் சொல்ல மட்டும் செய்தது; அவற்றைக் கேதீஸ்வரன் கரிக்கட்டியால் சுவரில் எழுதிவைக்கத் தொடங்கினார். மெசினின் இருபத்தாறு அறைகளிலும் அந்தக் கலியாணக் கரை மட்டும் அப்படியே இருந்தது. விளையாட்டை வாப்பா அழித்துவிட்டார். ஹாஜியார் அடுத்த முறை வந்து கேட்டபோது, "அதுக்கு வயசாகிட்டு ஹாஜியார், இப்ப விளையாடுறதில்ல" என்றார்.

உம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஓதாததை ஓதியதாக நினைக்க விட்டுவிட்டோமே என்று வாப்பாவிடம் சொன்னார்.

"எண்ணினளவு இப்ப ஓதிட்டாச் சரிதானே" என்றார் வாப்பா. "பதினாலு, எட்டு, இருவத்திரெண்டு."

"நான் ஸுஹைறாட்டச் சொன்னது இருவத்திமூண்டு."

"அச்சுல ஒத்த போகாது நபீஸா."

"அது உங்கட அச்சு. அல்லாஹ்வுக்கு ஒத்தப்படைதான் விருப்பம்."

ஒருநாள் ஓதினால் போதும் என்று தொடங்கியது. பிறகு அது உம்மாவின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்பும் பதினாலு, எட்டு, இருபத்துமூன்று.

வாப்பா இந்த வருடம் மௌத்தானார். நோயில் நீண்டு கிடக்கவில்லை. முதல்நாள் பின்னேரம்கூட ஷெட்டில் மாமாவோடு எதற்கோ வாதாடியிருக்கிறார். எதற்கென்று மாமாவுக்கு இப்போது ஞாபகமில்லை. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துகிறார். மெசின் வாப்பாவின் கடைசிச் சட்டைப் பையில் இருந்தது. சட்டையைத் துவைக்கும்போது நான் எடுத்து அலுமாரியில் வைத்தேன். ஒப்பந்தத்தில் வென்றும் கடைசியில் அலுமாரிக்குத்தான் போனது.

போன கிழமை ஒரு பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார். உம்மா கணவரை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருக்கிறார், வெளியில் போவதில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தார். மாமா கதவோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு வட்டப் பெட்டரிகளை எடுத்தார்.

"ஸுஹைறாட ரெண்டாவது மகளுக்கும் கலியாணம். மூத்த ராத்தாக்குப் போட்ட அதே கரைதான் வேணுமாம். அவங்களக் கொஞ்சம் கூப்பிடு மகள்."

எடுத்துக் கொடுத்தேன். மாமா பொத்தானை அழுத்தினார். திரை விடியவில்லை. மீண்டும் அழுத்தினார். பழைய பெட்டரி முற்றாக ஓய்ந்திருந்தது. கழற்றிப் புதியதைப் போட்டதும் உயிர் வந்தது. ஆனால் பெட்டரி ஓய்ந்தால் அறைகளும் வெறுமையாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏ அறையைத் திறந்தார். சுழியம். பி, சுழியம். ஒவ்வொன்றாக இஸட் வரைக்கும் போனார். போகாமலே திரும்பியிருக்கலாம்.

"எல்லாரும் போயிட்டாங்க" என்றார் மாமா மெதுவாக. மெசினை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மாட சாரி இரிக்கி மாமா. எடுத்து வாறன், எண்ணுவம்" என்றேன். அலுமாரியில் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. திரும்பினேன். தஸ்பீஹ் மெசின் விரலில் இருந்தது, உம்மா அதைப் பார்க்கவில்லை.

"முதலாவது பதினாலு, காக்கா."

மாமா நிமிர்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு விரலால் பொறுமையாக அடித்தார். "பதினாலு. பிறகு?"

"எட்டு."

"எட்டு."

"இருவத்திமூண்டு." உம்மா நிறுத்தினார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "இல்ல. அது எனக்கு. அவங்களுக்கு இருவத்திரெண்டு."

"கேட்டீங்கதானே?" என்றார் மாமா மெசினிடம். "இருவத்திரெண்டு. இனி மறக்கப்படாது நீங்க."

நான் சாரியைக் கொண்டுவந்து விரித்தேன். நாலாவது கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.